படக்குழாய்க்காக வரையப்பட்டவை

1981 டிசம்பரில் ஏக்கார்ன் நிறுவனத்தின் பி.பி.சி. மைக்ரோவும், 1982 ஏப்ரலில் கிளைவ் சின்கிளேரின் இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரமும், அதே ஆண்டின் பிற்பகுதியில் கொமடோர் 64-உம் விற்பனைக்கு வந்தபோது, அவற்றை வாங்கியவர்கள் கணினிக்கென்று தனியாக ஒரு திரையை வாங்கியாக வேண்டும் என்ற கட்டாயம் இருக்கவில்லை. வீட்டில் ஏற்கெனவே இருந்த தொலைக்காட்சிப் பெட்டியையே திரையாகக் கொள்ளலாம் என்பது அந்தக் கணினிகளின் வடிவமைப்பிலேயே அடங்கியிருந்தது. ஸ்பெக்ட்ரம் தன் படத்தை யு.எச்.எஃப். அலைவரிசை 36-இல் ஒரு குட்டி ஒளிபரப்பாகவே அனுப்பியது. பெட்டி அதை வேறொரு நிலையத்தின் நிகழ்ச்சியாகக் கருதிப் பிடித்துக் காட்டியது. இந்தச் சிக்கனத்தின் விளைவாக, திரையில் தெரிந்த படத்தில் ஒரு பாதியைத்தான் கணினி உருவாக்கியது. மறுபாதியைப் பெட்டிக்குள் இருந்த படக்குழாயும் மின்சுற்றுகளும் நிறைவு செய்தன. அதே கணினியை இன்றைய தட்டைத் திரையுடன் இணைத்து, அதில் ஆடும் விளையாட்டைக் காணொளியாகப் பதிவு செய்ய முற்படுவோர் சந்திக்கும் இடர்ப்பாடுகள் பெரும்பாலும் அந்த மறுபாதி இல்லாமற்போனதால் எழுபவை.

ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும், இந்தியத் தூர்தர்ஷனிலும் வழங்கிய தொலைக்காட்சி முறையில் ஒரு முழுப் படம் 625 வரிகளால் ஆனது. நொடிக்கு 25 முழுப் படங்களை மட்டும் காட்டினால் திரை சிமிட்டும் என்பதால், ஒற்றைப்படை வரிகளை ஒரு முறையும் இரட்டைப்படை வரிகளை மறுமுறையுமாக, நொடிக்கு 50 அரைப்படங்கள் அனுப்பப்பட்டன. அரைப்படம் ஒவ்வொன்றிலும் உள்ளவை 312½ வரிகள். அந்த அரை வரிதான் சூட்சுமம்: அதனால் இரண்டாவது அரைப்படம் முதலாவதன் வரிகளுக்கு இடையிலுள்ள வெளியில் போய் விழுகிறது. இதற்குப் பின்னல் வருடல் என்று பெயர். வீட்டுக் கணினிகளை வடிவமைத்தவர்களில் பலர் அந்த அரை வரியைக் கைவிட்டனர். ஸ்பெக்ட்ரம் 48 கே ஒவ்வொரு முறையும் முழுமையாக 312 வரிகளை அனுப்புகிறது. எனவே அடுத்தடுத்த படங்கள் ஒரே வரிகளின் மீதே மீண்டும் மீண்டும் எழுதப்படுகின்றன, இடைவெளிகள் கருமையாகவே நின்றுவிடுகின்றன. எழுத்துகள் நடுங்காமல் நிலையாக நிற்க இதுவே எளிய வழி. ஒளிபரப்புத் தரத்தின்படி பார்த்தால் இது விதிமீறல்; ஆனால் படக்குழாய்ப் பெட்டி விதியைச் சரிபார்ப்பதில்லை, ஒத்திசைவுத் துடிப்பு வரும்போதெல்லாம் மின்னணுக் கற்றையை மேலே கொண்டுபோய் அடுத்த படத்தைத் தொடங்குவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது.

இன்றைய தொலைக்காட்சியும் மலிவு விலைக் கேப்சர் கார்டும், அதாவது ஒப்புமைப் படச் சமிக்ஞையை இலக்கங்களாக மாற்றிக் கணினிக்குள் செலுத்தும் பதிவுக் கருவியும், விதியை நம்பியே வடிவமைக்கப்பட்டவை. வந்து சேரும் 312 வரிப் படத்தை அவை பின்னலின் ஒரு பாதி என்று தவறாகப் புரிந்துகொண்டு, அடுத்து வரும் படத்தை அதன் மறுபாதியாக எடுத்து இரண்டையும் கோத்துவிடுகின்றன. அசையாத காட்சியில் இந்தத் தவறு ஓரளவே தெரியும். காட்சி பக்கவாட்டில் நகரத் தொடங்கியதும், நொடியின் ஐம்பதில் ஒரு பங்கு இடைவெளியில் உருவான இரு வெவ்வேறு கணங்கள் ஒரே படத்தில் வரி மாற்றி வரி அமர்வதால், பொருள்களின் விளிம்புகள் சீப்பின் பற்களைப் போலப் பிளந்து தெரிகின்றன.

இதைவிடக் கேடானது, கண்ணுக்கே தெரியாமல் நிகழும் இழப்பு. பல விளையாட்டுகளில் அடிபட்ட பாத்திரம் சில கணங்களுக்கு ஒரு படத்தில் தோன்றி அடுத்த படத்தில் மறைந்து, மாறி மாறிச் சிமிட்டும். பதிவுக் கருவி நொடிக்கு 25 படங்களை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை விட்டுவிடுமானால், அது எடுத்துக்கொண்டவை எல்லாம் பாத்திரம் தோன்றும் படங்களாகவே அமையலாம். அப்போது சிமிட்டலே இல்லாமற்போகும். மறையும் படங்களாகவே அமைந்தால் பாத்திரமே காணாமற்போகும். கொமடோர் 64-இல் இரு வேறு படங்களை மாற்றி மாற்றிக் காட்டி, கண்ணில் மூன்றாவது நிறத்தைத் தோற்றுவித்த ஓவியங்களுக்கும் இதே கதிதான். பதிவில் குறையிருப்பதாகப் பார்ப்பவருக்கு ஐயமே எழாது என்பதால், பிளவுபட்ட விளிம்பைவிட இதுவே ஆபத்தான பிழை.

படம் கணினியிலிருந்து எவ்வழியாக வெளியேறுகிறது என்பதும் முக்கியமானது. ஸ்பெக்ட்ரமின் உள்ளே யு.எல்.ஏ. என்னும் தனிப்பயன் சில்லு ஒளிர்வுக்கு ஒன்றும் நிறத்துக்கு இரண்டுமாக மூன்று சமிக்ஞைகளை உருவாக்குகிறது. எல்.எம்.1889 என்ற மற்றொரு சில்லு அவற்றை ஒன்றாகக் கலந்து காம்போசிட் எனப்படும் ஒற்றைக் கம்பிச் சமிக்ஞையாக்குகிறது. அதன் பிறகு ஒரு சிறிய உலோகப் பெட்டிக்குள் அது வானொலி அலை மீது ஏற்றப்படுகிறது. தொலைக்காட்சிப் பெட்டிக்குள் போனதும் இவை அனைத்தும் தலைகீழ் வரிசையில் பிரிக்கப்பட வேண்டும். ஒவ்வொரு கலப்பிலும் பிரிப்பிலும் தெளிவு குறைகிறது. இன்றைய திரைகள் பலவற்றில் அந்தப் பழைய வானொலி அலையைப் பிடிக்கும் பகுதியே இல்லை என்பதால், சிலர் பழைய வி.சி.ஆரை இடைத்தரகராக வைத்து அதன் காம்போசிட் முனையிலிருந்து படத்தை எடுப்பதுண்டு. பரவலாகச் செய்யப்படும் திருத்தம் இன்னும் எளியது: உலோகப் பெட்டிக்குள் வானொலிப் பகுதியின் இணைப்பைத் துண்டித்து, அதற்குள் வரும் காம்போசிட் கம்பியை நேரே வெளிமுனையில் பற்றவைத்துவிட்டால், வெளித்தோற்றம் மாறாமலே அந்த முனை தெளிவான சமிக்ஞையைத் தரத் தொடங்குகிறது.

ஆயினும் காம்போசிட்டுக்கே உரிய குறை எஞ்சுகிறது. நிறம் 4.43 மெகாஹெர்ட்ஸ் அலைவெண் கொண்ட துணை அலை ஒன்றின் மீது ஏறி, ஒளிர்வின் நுண்விவரங்கள் இருக்கும் அதே அலைவெண் பகுதிக்குள் வந்து உட்கார்கிறது. இரண்டையும் பின்னர் முழுமையாகப் பிரிக்க இயலாது. ஸ்பெக்ட்ரம் 48 கே-யில் புள்ளிகளுக்கு 14 மெகாஹெர்ட்ஸ் படிகம் ஒன்றும், நிறத்துக்குத் தனிப் படிகம் ஒன்றுமாக, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரு கடிகாரங்கள் ஓடுவதால், நிற எல்லைகளில் சிறு புள்ளிகள் எறும்பு வரிசையாய் ஊர்ந்துகொண்டே இருக்கும். கொமடோர் 64-இன் வடிவமைப்பாளர்கள் இந்த வகையில் முன்யோசனை மிக்கவர்கள். 17.734475 மெகாஹெர்ட்ஸ் என்ற, நிற அலையின் சரியாக நான்கு மடங்கான ஒரே படிகத்திலிருந்து அனைத்தையும் பெற்றதோடு, ஒளிர்வையும் நிறத்தையும் தனித்தனிக் கம்பிகளில் வெளியே கொடுத்தனர். பின்னாளில் எஸ்-வீடியோ என்று பெயர்பெற்ற முறை இதுவே. இதன் நிறச் சமிக்ஞை இன்றைய கருவிகள் எதிர்பார்ப்பதைவிட வலுவானது என்பதால், அந்தக் கம்பியில் மட்டும் சுமார் 300 ஓம் மின்தடை ஒன்றைச் சேர்ப்பது வழக்கம்.

பி.பி.சி. மைக்ரோ இன்னும் ஒரு படி மேலே. 1984-85-இல் இந்திய அரசு ‘கிளாஸ்’ என்ற பெயரில் தொடங்கிய பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தின் வழியாக இந்நாட்டு வகுப்பறைகளுக்கும் வந்து சேர்ந்த இக்கணினியின் பின்புறத்தில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் கலப்பே இல்லாமல் வெளிவரும் ஆறு முள் பொருத்தி உண்டு. ஒவ்வொரு நிறமும் உண்டு அல்லது இல்லை என்ற இரு நிலைகளில் மட்டுமே இருப்பதால் மொத்தம் எட்டு நிறங்கள், நேர்த்தியான படம். ஆனால் அவை இலக்கமுறைச் சில்லுகளுக்குரிய மின்னழுத்த மட்டத்தில் வருபவை. ஒப்புமைத் திரைக்கான 0.7 வோல்ட்டுக்கு அவற்றைக் குறைக்காமல் நேரே இணைத்தால் நிறங்கள் வெளிறுவதோடு கருவிக்கும் தீங்கு நேரலாம்.

விளையாடுபவர் படக்குழாய்த் திரையைப் பார்த்து ஆட, அதே சமிக்ஞை பதிவுக் கருவிக்கும் செல்ல வேண்டுமென்றால் கம்பியை இரண்டாகப் பிரித்தால் போதும் என்று தோன்றும். இங்குதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். காம்போசிட் சமிக்ஞை 75 ஓம் தடையுள்ள ஒரேயொரு முனையில் போய் முடியும்போது அதன் உயரம் 1 வோல்ட். இரு கருவிகளை ஒருங்கே இணைத்தால் மொத்தத் தடை 37.5 ஓமாகக் குறைந்து, சமிக்ஞையின் உயரம் சுமார் 0.67 வோல்ட்டுக்கு இறங்குகிறது. படம் மங்குகிறது, பதிவுக் கருவி அதை ஈடுகட்ட முயன்று வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் தடுமாறுகிறது, ஒத்திசைவுத் துடிப்புகளும் சிறுத்துவிடுவதால் சில வேளை படமே உருளத் தொடங்குகிறது. ஒவ்வொரு முனைக்கும் தனித்தனியே முழு வலுவுடன் சமிக்ஞையை வழங்கும் பகிர்வுப் பெருக்கி ஒன்று இடையில் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

ஒப்புமைச் சமிக்ஞையை இலக்கமாக்கும்போது, வரியின் மீது சீரான இடைவெளியில் அளவெடுத்துக்கொண்டே போக வேண்டும், இதுவே மாதிரியெடுத்தல். தொலைக்காட்சிக்கான பன்னாட்டுத் தரத்தின்படி இது நொடிக்கு 1 கோடியே 35 லட்சம் முறை, அதாவது 13.5 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் நிகழ்கிறது. ஸ்பெக்ட்ரமோ 7 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் புள்ளிகளை அனுப்புகிறது. ஆகவே ஒரு புள்ளிக்கு ஏறத்தாழ 1.93 மாதிரிகள் கிடைக்கின்றன. சில மாதிரிகள் புள்ளியின் நடுவிலும் சில இரு புள்ளிகளின் எல்லையிலும் விழுவதால், ஒரே எழுத்து திரையின் ஓரிடத்தில் கூர்மையாகவும் மற்றோரிடத்தில் மங்கலாகவும் தெரிகிறது. பி.பி.சி. மைக்ரோவின் 80 எழுத்து வரிகளில் நிலைமை இன்னும் மோசம்: அங்கே புள்ளிகள் 16 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் வருவதால் புள்ளிக்கு ஒரு மாதிரிகூடக் கிட்டுவதில்லை. இதற்கான தீர்வு, மாதிரியெடுக்கும் வேகத்தை அந்தக் கணினியின் கடிகாரத்தோடே பொருத்திவிடுவது. 64 மைக்ரோநொடி நீளும் ஒரு வரியில் ஸ்பெக்ட்ரம் 448 புள்ளிக் காலங்களையும், ஐரோப்பியக் கொமடோர் 64 சற்றே குறைந்த கால அளவில் 504 புள்ளிக் காலங்களையும் கொண்டிருக்கின்றன, பி.பி.சி. மைக்ரோவுக்கு அந்த எண் 1024.

அந்தக் கடைசி எண்ணின் பயனை எலைட் விளையாட்டில் நேரில் காணலாம். 1984-இல் டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் பி.பி.சி. மைக்ரோவுக்காக எழுதிய அந்த விண்வெளி விளையாட்டில், திரையின் மேற்பகுதி இரு நிறங்களில் நுண்ணிய கோடுகளால் விண்கலங்களை வரைய, கீழ்ப்பகுதியிலுள்ள கருவிப்பலகை நான்கு நிறங்களில் இரு மடங்கு அகன்ற புள்ளிகளால் அமைந்திருக்கும். ஒரே படத்தில் இரு திரைமுறைகள் வழக்கமாகச் சாத்தியமில்லை. கற்றை குறிப்பிட்ட வரியை எட்டும் கணத்தை ஒரு நேரங்காட்டிச் சில்லால் கணித்து, நொடிக்கு 50 முறை நடுவழியில் திரைமுறையை மாற்றியே இதைச் சாதித்தனர். மேலே 8 மெகாஹெர்ட்ஸ், கீழே 4 மெகாஹெர்ட்ஸ். இரண்டும் 16-ஐ மீதியின்றி வகுப்பதால், வரிக்கு 1024 மாதிரிகள் எடுக்கும் கருவியில் இரு பகுதிகளும் ஒருங்கே கூர்மையாக அமைகின்றன.

வரிக்கு இத்தனை மாதிரிகள் என்று பயனரே அமைத்துக்கொள்ள இடமளிக்கும் கருவிகள் இப்போது கிடைக்கின்றன. ஓ.எஸ்.எஸ்.சி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் திறமூல வருடல் மாற்றி அவற்றுள் பெயர்பெற்றது. இது படத்தை முழுமையாகச் சேமித்து வைப்பதில்லை. ஒவ்வொரு வரியையும் வந்த உடனேயே இரண்டு முதல் ஐந்து முறை வரை திருப்பி அனுப்பி எச்.டி.எம்.ஐ. சமிக்ஞையாக்குவதால் ஏற்படும் தாமதம் உணர முடியாத அளவு சிறியது. காம்போசிட்டையும் எஸ்-வீடியோவையும் அது நேரடியாக ஏற்பதில்லை என்பதால் ஸ்பெக்ட்ரமையோ கொமடோரையோ அதனுடன் இணைக்க இடையில் வேறொரு மாற்றி வேண்டும். ரெட்ரோடிங்க் 5எக்ஸ் போன்றவை அந்த வகைச் சமிக்ஞைகளையும் நேரே ஏற்கின்றன.

வரியை மட்டும் பெருக்கும் முறை, கணினியின் படவேகத்தை அப்படியே வெளியே அனுப்புகிறது. அதுவே அடுத்த சிக்கலுக்கு வித்திடுகிறது. அரை வரியைக் கைவிட்டதன் விலையாக, ஸ்பெக்ட்ரம் 48 கே நொடிக்கு 50 அல்ல, 50.08 படங்களை அனுப்புகிறது. ஐரோப்பியக் கொமடோர் 64-இன் வேகம் 50.125, அமெரிக்க மாதிரியின் வேகம் 59.83. படக்குழாய்க்கு இது ஒரு பொருட்டே அல்ல. 50 என்ற எண்ணைத் தவிர வேறெதையும் ஏற்காத கேப்சர் கார்டோ படமே தெரியவில்லை என்று அறிவித்துவிடுகிறது. ஏற்றுக்கொள்ளும் கார்டும் உபரிப் படங்களை எங்கேனும் கழித்தாக வேண்டும். கொமடோரைப் பதிவு செய்தால் 8 நொடிக்கு ஒரு படமும், ஸ்பெக்ட்ரமைப் பதிவு செய்தால் பன்னிரண்டரை நொடிக்கு ஒரு படமும் உதிர்கின்றன. சீராக நகரும் பின்னணி அந்தக் கணத்தில் ஒரு முறை திடுக்கிட்டு ஓடும். இதையே 60 படக் காணொளியாக்கினால் கெடுதி பன்மடங்காகும், ஏனெனில் ஐந்து படங்களுக்கு ஒரு முறை ஒரே படம் இருமுறை காட்டப்பட வேண்டியிருக்கும். 50 படங்களாகவே சேமித்து 50 படங்களாகவே வெளியிடுவதே முறை.

காணொளியாகச் சேமிக்கும் கட்டத்தில், நிறத்துக்கு மறைமுகமாக ஓர் இழப்பு நேர்கிறது. வழக்கமான காணொளிச் சுருக்க முறைகள், மனிதக் கண் நிற நுணுக்கத்தைவிட ஒளிர்வு நுணுக்கத்தையே கூர்ந்து காணும் என்ற அடிப்படையில், நான்கு புள்ளிகளுக்கு ஒரே நிறத் தகவலை மட்டும் வைத்துக்கொள்கின்றன. 256-க்கு 192 புள்ளிகளே கொண்ட ஸ்பெக்ட்ரம் படத்தை மூல அளவிலேயே சுருக்கினால், நீலத்தின் மீது வரைந்த ஒற்றைப் புள்ளிச் சிவப்புக் கோடு சாயம்போனது போல் ஆகிவிடும். ஆகவே சுருக்கும் முன் படத்தை முழு எண் மடங்கில் பெரிதாக்குவது அவசியம். 192 வரிகளுடன் மேலும் கீழும் ஓரத்திலிருந்து 12 வரிகளைச் சேர்த்து ஐந்தால் பெருக்கினால், இன்றைய திரையின் 1080 வரிகள் அளந்தாற்போல் நிறைகின்றன. ஓரம் வெறும் அலங்காரமன்று: ஒலிநாடாவிலிருந்து விளையாட்டு ஏறும்போது முன்னோட்ட ஒலிக்குச் சிவப்பும் மயில்நீலமும், தரவுக்கு நீலமும் மஞ்சளுமாகக் கோடுகள் ஓடுவது அந்த ஓரத்தில்தான், எனவே அதை வெட்டியெறிந்த பதிவு குறைப்பதிவே.

இவ்வளவு தூரம் கூர்மையை நாடி வந்த பின், கூர்மையே பிழையாகும் இடம் ஒன்று உண்டு. 1977-இல் ஸ்டீவ் வோஸ்னியாக் வடிவமைத்த ஆப்பிள் 2 கணினியின் நுண்திரை முறை உண்மையில் வெளியே அனுப்புவது கறுப்பு வெள்ளைப் புள்ளிகளின் வரிசையையே. அப்புள்ளிகளின் வேகம் அமெரிக்கத் தொலைக்காட்சியின் 3.58 மெகாஹெர்ட்ஸ் நிற அலையோடு இசைவாக அமைந்திருப்பதால், பெட்டி அந்த வரிசையை நிறமென்று எடுத்துக்கொண்டு ஊதாவும் பச்சையும் செம்மஞ்சளும் நீலமுமாகக் காட்டுகிறது. காம்போசிட்டின் குறையே இங்கு வண்ணப்பெட்டி. இந்தச் சமிக்ஞையிலிருந்து ஒளிர்வை மட்டும் துல்லியமாகப் பிரித்தெடுத்தால் மிஞ்சுவது கறுப்பு வெள்ளைக் கோடுகள்தாம். ஐரோப்பியக் கொமடோர் 64-இலும் இதற்கு ஓர் இணை உண்டு: பெட்டியின் மின்சுற்று அடுத்தடுத்த இரு வரிகளின் நிறங்களைச் சராசரியாக்குவதால், ஒரே ஒளிர்வுள்ள இரு நிறங்களை வரி மாற்றி வரி இட்ட கலைஞர்கள் 16 நிறப் பட்டியலில் இல்லாத நிறங்களையும் பெற்றனர். தூய்மையான படத்தை மட்டுமே உண்மையான படமென்று கொள்ளும் பதிவர்கள் இத்தகைய ஓவியங்களை, அவற்றை வரைந்தவர்கள் கண்டிராத உருவத்தில் பிறருக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒலியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஸ்பெக்ட்ரம் 48 கே தன் ஒலியைத் தொலைக்காட்சிக்கு அனுப்புவதே இல்லை. உள்ளிருக்கும் சிறு ஒலிபெருக்கியோடு சரி. பதிவுக்காக அதை ஒலிநாடாப் பொருத்தியிலிருந்தே எடுக்கிறார்கள். படத்தைச் சேமித்துவைத்து அனுப்பும் கருவி இடையில் இருந்தால், ஒரு படத்துக்கு 20 மில்லிநொடி என்ற கணக்கில் ஒலியையும் பின்தள்ள வேண்டும். இல்லையேல் துப்பாக்கி சுடுவதற்கு முன்பே வெடிச்சத்தம் கேட்கும்.

எந்தப் பாதியை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்ற தெரிவைத் தள்ளிப்போடுவதற்கும் ஒரு வழி உருவாகியிருக்கிறது. காம்போசிட் கம்பியில் வருவதைப் படமாக மாற்றாமல், வெறும் மின்னழுத்த ஏற்ற இறக்கமாகவே, நிற அலையின் நான்கு மடங்கு வேகத்தில் அளந்து கோப்பில் சேமித்துக்கொண்டால், அதைப் பின்னல் படமாகவோ பின்னலற்ற படமாகவோ, நிறங்களைக் கலந்தோ பிரித்தோ, எப்போது வேண்டுமானாலும் மென்பொருளால் மீட்டெடுக்கலாம். ஒவ்வோர் அளவும் ஒரு பைட் என்று கொண்டால், ஒரு மணி நேர விளையாட்டு ஏறத்தாழ 64 ஜிகாபைட் இடம் பிடிக்கும். அந்த விளையாட்டு 48 கிலோபைட் நினைவகத்துக்குள் முழுவதுமாக அடங்கிய ஒன்றாயினும் சரியே.